கப்பல்ல ஒரு நாற்காலி

இந்த வருஷம் கோவா போறேன். கப்பல்ல ஏறுறேன். கேசினோ ஆடறேன். எவன் தடுத்தாலும் போறேன், எவ தடுத்தாலும் போறேன்.

இத நான் சொன்னது டீக்கடைல, சிநேகிதன் மாடசாமிகிட்ட. வூட்ல சொல்ல இன்னும் ஒரு வாரம் ஆச்சு.

நம்மளப் பத்தி மொதல்ல சொல்லிடறேன். பேரு குழந்தைவேல். ஊரு குள்ளஞ்சாவடி பக்கம். படிப்பு அஞ்சாவது, அதுலயும் பாதி நாளு வாத்தியாரு வரல, பாதி நாளு நான் போவல. நெய்வேலி மைன்ஸ்ல கரி ஏத்திக்கினு ஓடற பெல்ட்டுலேர்ந்து கீழ கொட்டறத அள்ளற வேல. பதினாறு வருஷமா கான்ட்ராக்ட்டு. பொண்ணு ஹரிணி ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குது. எம் பொண்டாட்டி மலர்விழி பெர்மனென்ட்டு. ஸ்டோர்ல கிளார்க்கு. குவார்ட்டர்ஸு அவ பேர்ல. கேஸ் சிலிண்டரு அவ பேர்ல. ஆஸ்பத்திரி கார்டுல மட்டும் எம் பேரு இருக்குது. பக்கத்துல 'டிபென்டன்ட்'னு போட்டிருக்கான். பொண்டாட்டி சம்பளத்துல சோறு திங்கறவன்னு அதுக்கு அர்த்தமாம். நான் ஏதோ பட்டம் குடுத்திருக்கான்னு ரெண்டு வருஷம் சந்தோஷமா இருந்தேன்.

டவுன்ஷிப்புல என்ன எல்லாரும் "மலர் மேடம் வூட்டுக்காரரு"ன்னுதான் சொல்லுவாங்க. பரவால்ல, அதுலயும் ஒரு 'ரு' இருக்குது. ஆனா இத்தன வருஷத்துல ஒருத்தன் என்ன "சார்"னு கூப்புட்டது இல்ல. பேங்க்குல "யோவ் பெருசு". பஸ்ஸுல "உள்ள போயா". மைன்ஸ்ல விசிலு. விசிலடிச்சா நான் திரும்பணும்.

அப்பதான் போன்ல ஒரு வீடியோ பாத்தேன். கோவாவுல ஆத்துல கப்பலு நிக்குது. அதுக்குள்ள கேசினோ. நம்மள மாதிரியே கறுப்பா, தொப்பையா ஒருத்தன் உள்ள போறான். கோட்டு போட்ட பையன் ஓடியாந்து நாற்காலிய இழுத்துப் போட்டு, குனிஞ்சு, "வெல்கம் சார்"ங்கறான்.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஜெயிக்கிறமோ தோக்கறமோ, அது அப்பறம். அந்த நாற்காலில ஒரு தடவ ஒக்காரணும். அந்த ஒரு வார்த்தைய இந்தக் காதால கேக்கணும்.

ஒரு நாளு மலரு தோச சுட்டுப் போட, தின்னுக்கினே மெதுவா ஆரம்பிச்சேன்.

"மலரு, ஒனக்கு எல்.டி.சி. வருதுல்ல? கம்பெனி செலவுல எங்கனா போயிட்டு வரலாமா?"

"போலாமே. எங்க?"

"கோவா."

"அங்க என்ன இருக்கு?"

"கடலு."

"கடலு கடலூர்லயும்தான் இருக்கு. பஸ்ஸுல ஒரு மணி நேரம்."

"அங்க முந்திரி நல்லா இருக்குமாம்."

"பண்ருட்டிய பக்கத்துல வெச்சிக்கிட்டு முந்திரி வாங்க கோவா போறீங்களா?"

"கோயிலு இருக்குது மலரு. பழைய கோயிலு."

"கேசினோ கூட இருக்காமே. மாடசாமி அண்ணன் சம்சாரம் சொன்னாங்க. டீக்கடைல ஒரு வாரமா நீங்க அதேதான் பேசிக்கிட்டு இருக்கீங்களாம்."

வாயில இருந்த தோச உள்ளயும் போவல, வெளியவும் வரல. மாடசாமி எனக்கு சிநேகிதனா, அவன் பொண்டாட்டிக்கு ரேடியோவா, தெரியல.

"சரி, போலாங்க"ன்னா மலரு.

நான் சண்டைக்கு ரெடியா இருந்தேன். அழறதுக்கு ஒண்ணு, மெரட்டறதுக்கு ஒண்ணு, சாப்புடாம படுக்கறதுக்கு ஒண்ணுன்னு மூணு திட்டம் வெச்சிருந்தேன். மூணும் வேஸ்ட்டு.

"போலாமா? நான் ஆடலாமா?"

"ஆடாம எதுக்கு அவ்ளோ தூரம்? காசுக்குப் பதிலா டிக்கெட்டோட ஆட்ட வில்லைன்னு குடுக்கறாங்களாம், அத மட்டும் வெச்சி ஆடுங்க. கைக்காசு வேணாம். பகல் டிக்கெட்டாப் போட்டுடறேன். கூட்டம் இருக்காது. சாப்பாடும் அவங்களே போடறாங்க."

இவளப் போயி சந்தேகப்பட்டனேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு.

அன்னிலேர்ந்து ட்ரெய்னிங்கு. வீடியோவுல சக்கரத்துல உருண்ட ஓடுதுல்ல, அதே மாதிரி இட்லித் தட்ட வெச்சி, குழிக்கெல்லாம் நம்பரு எழுதி, ஒரு பட்டாணியப் போட்டு சுத்துவேன். பட்டாணி எந்தக் குழியில நிக்குதோ அந்த நம்பரு. நாலு நாளு ஆடுனேன், நாலு நாளும் நான்தான் ஜெயிச்சேன். எதுத்தாப்புல யாரும் இல்லல்ல.

"என்னங்க, அந்தத் தட்டு காலைல வேணும். நம்பர அழிங்க"ன்னா மலரு. மறுநாளு என் இட்லில எட்டுன்னு அச்சு வுழுந்திருந்துது.

அடுத்தது லீவு. எங்க சூப்பர்வைசரு பன்னீர்செல்வம் லீவுன்னா மூஞ்சி சுளிக்கிற ஆளு. அன்னிக்குன்னு சிரிக்கிறாரு.

"ஆறு நாளா? தாராளமா போயிட்டு வா. அதுக்கு முன்னாடி பன்னெண்டு நைட்டு ஷிஃப்ட்ட சேத்தாப்புல பாத்துக் குடுத்துடு. மத்தவனுங்க ஒன் வேலைய ஈடுகட்டிப்பானுங்க."

"இருவது கூட பாக்கறேன் சார்"ன்னேன். பாத்தீங்களா, நான் மட்டும் எல்லாரையும் சார்னுதான் சொல்லுவேன்.

பன்னெண்டு நைட்டும் பாத்தேன். பகல்ல சோறு தின்னதும் படுத்தா, இடி வுழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டேன். ரயில்ல ஊரே கொறட்ட வுடறப்ப நான் ஆந்த மாதிரி ஜன்னலப் பாத்துக்கினு வந்தேன். வெளிச்சம் வந்ததும் தூங்கிட்டேன். அப்பவாவது எனக்கு ஒறைச்சிருக்கணும். ஒறைக்கல.

கப்பலுக்குள்ள செருப்பு போட்டுக்கினு வுட மாட்டாங்களாம். எங்கிட்ட இருக்கறது ஒரே ஷூ. மைன்ஸ்ல குடுத்த சேஃப்டி ஷூ, முன்னாடி இரும்புத் தகடு வெச்சது. தேங்கா எண்ண போட்டுத் தொடச்சிப் போட்டுக்கினு போனேன். வாசல்ல இருந்த மிஷினு 'கீ கீ'ன்னு கத்துச்சு. செக்யூரிட்டி ஆளு என் ஷூவத் தட்டித் தட்டிப் பாக்கறான். பின்னாடி நின்ன வடநாட்டுக்காரன் ரெண்டு பேரு ஒதுங்கிக்கினாங்க.

உள்ள போனா ராஜ்ஜியம்! தல மேல கண்ணாடி வெளக்கு. காலுக்குக் கீழ மெத்த. மணி பகலு பன்னெண்டு.

"வெறும் வயித்தோட ஆடாதீங்க. மொதல்ல சாப்புடுங்க"ன்னா மலரு.

சாப்புட்டேன். மீனு, கறி, பிரியாணி, குலாப் ஜாமூன். "இன்னும் கொஞ்சம் தயிர் சாதம் வெச்சிக்கோங்க, சூடு தணியும்"னா. இப்பிடி ஒரு பொண்டாட்டி எவனுக்குக் கெடைக்கும்னு நெனச்சிக்கினே அதையும் தின்னேன்.

அப்பறம் சக்கரம் சுத்தற மேசைக்குப் போனேன். ஏசி சில்லுன்னு வீசுது. கீழ எங்கயோ மிஷினு 'உம்ம்ம்'னு ஓடுது. அச்சு அசலா எங்க பெல்ட்டு சத்தம். கோட்டு போட்ட பையன் ஒருத்தன் என்னப் பாத்து ஓடியாந்தான். என்னப் பாத்துதான்! நாற்காலிய இழுத்துப் போட்டான். ஒக்காந்தேன். பஞ்சு மாதிரி உள்ள எறங்குச்சு. பையன் குனிஞ்சான். வாயத் தொறந்தான்.

அவன் என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது.

கண்ணு முழிச்சப்ப என்னச் சுத்தி நாலு பேரு. ஒருத்தன் மலருகிட்ட, "மேடம், எழுப்பலாமா மேடம்?"னு வாயும் சாடையுமாக் கேட்டுக்கினு இருந்தான். டிக்கெட்டுக்கு உண்டான நேரம் முடிஞ்சி போச்சாம்.

கரைக்கு வர்ற சின்னப் படகுல ஏறுனதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு.

"எல்லாம் அந்த பன்னீர்செல்வத்தால. பன்னெண்டு நைட்ட வரிசையாப் போட்டு என்னக் கொன்னுட்டான் மலரு."

"அவரத் திட்டாதீங்க, பாவம். நான்தான் போயி கேட்டேன்."

"என்னாத்த?"

"நைட்டாப் போட்டுக் குடுங்கன்னு."

படகு ஆடுச்சா, நான் ஆடுனனா, தெரியல.

"வேணாம்னா வேணாம்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான?"

"சொன்னா மாடசாமி அண்ணனக் கூட்டிக்கிட்டுத் திருட்டுத்தனமா வருவீங்க. அவரு ஏத்தி வுடுவாரு. நீங்க வாட்ச்சு, மோதரம்னு கழட்டி வெப்பீங்க. இப்ப கப்பல்ல ஏறுனீங்க, நாற்காலில ஒக்காந்தீங்க, வயிறாரச் சாப்புட்டீங்க. மோதரம் வெரல்லயே இருக்கு பாருங்க."

பாத்தேன். இருந்துது.

"அந்த வில்லைங்க?"

"வீணாப் போவுதேன்னு நானே வெச்சேன். பன்னெண்டாம் நம்பர்ல. நீங்க பாத்த நைட்டுக் கணக்கு."

"வந்துச்சா?"

"வந்துச்சு. ஒடனே எழுந்துட்டேன். அங்க ஒரு கடைல ஹரிணிக்கு ஹாஸ்டலுக்குப் போட்டுக்கிட்டுப் போவ நல்ல சுடிதாரு எடுத்தேன். உங்களுக்கு ஒரு ஷூ. இரும்பு இல்லாதது."

ஆனா ஒண்ண மட்டும் கேக்காம இருக்க முடியல.

"மலரு, அந்தப் பையன்... என்ன சார்னு சொன்னானா?"

"சொன்னான்ங்க. மூணு தடவ."

"நெஜமாவா?"

"ஆமா. மூணு தடவயும் நீங்க கொறட்டயால பதில் சொன்னீங்க."

போதும். அவன் சொல்லிட்டான். எனக்கு நெஞ்சு நெறஞ்சிடுச்சு. அந்த சந்தோஷத்துல அவ கையப் புடிச்சிக்கினு சொன்னேன்.

"அடுத்த தடவயும் கோவாவே வரலாம் மலரு."

"வரலாங்க. எனக்கு மட்டும் டிக்கெட்டு போட்டுக்கறேன். தூங்கறதுக்கு எதுக்குங்க கப்பலு, வூட்ல கட்டில் இருக்குல்ல?"