நான் செத்துப்போன சனிக்கிழமை

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் இந்தக் கதையை வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். பாதிக்கப்பட்டவன் என்ற முறையில் நானே எழுதி வைப்பதுதான் நியாயம்.

என் அப்பாவின் அப்பா பெயர் வல்லிபுரம். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் ஒன்றாக இடம்பெயர்ந்தபோது நெரிசலில் எங்களைத் தவறவிட்டார். வன்னிப் பக்கம் போனதாகக் கேள்வி. பிறகு ஒரு சேதியும் இல்லை. என் அப்பா மெல்பேர்னில் கண்ணை மூடுவதற்கு முன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“அப்பு எந்த நாளில மோசம்போனவர் எண்டு அறிஞ்சு ஒரு திதி செய்து போடடா. நாள் தெரியாமல் நான் ஒண்டும் செய்யேல்லை.”

ஓம் என்றேன். நான்கு வருடம் சும்மா இருந்தேன். விசாரிப்பதென்றால் மனிதரோடு கதைக்க வேண்டுமே. (கடையில் தெரிந்த முகத்தைக் கண்டால் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள் நான்.) கடைசியில் மகள்தான், தமிழ்ச் சனம் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் ஒரு அறிவித்தல் போடச் சொன்னாள்.

என்ன எழுதுவது? நான் நாள்தோறும் தவறாமல் வாசிக்கிற தமிழ் ஒன்றே ஒன்று, மரண அறிவித்தல். அந்த நடையிலேயே எழுதினேன். ‘யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் வன்னியை வதிவிடமாகவும் கொண்ட வல்லிபுரம் அவர்கள்’ என்று தொடங்கி, ‘இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்று, விபரம் தெரிந்தோர் வீட்டுக்கு வரவும்’ என்று முடித்து, மெல்பேர்ன் ட்ருகனினாவில் இருக்கிற எங்கள் வீட்டு விலாசத்தையும் போட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது.

படம்தான் பிரச்சினை. அப்புவின் படம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் நான் அப்புவை உரித்து வைத்த மாதிரி என்று ஊரே சொல்லும். ஆகவே, முகத்தைப் பார்த்தாவது யாராவது அடையாளம் காணட்டும் என்று என் பாஸ்போர்ட் படத்தைக் கொடுத்தேன். தமிழ் வாசிக்கத் தெரியாத மகள், போனில் தேடி அழகான சட்டம் ஒன்றுக்குள் அதை வைத்தாள். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே மாலை.

“வெரி நைஸ் அப்பா,” என்றாள்.

சனிக்கிழமை காலை மனைவி வேலைக்குப் போய்விட்டாள். பத்து மணிக்கு வாசலில் நாலைந்து கார்கள் வந்து நின்றன. கூட்டத்தைக் கண்டதும் நான் வழக்கம்போல் கராஜுக்குள் போய் ஒளிந்தேன். அப்புவைப் பற்றிச் சொல்ல வந்தவர்கள் என்று நினைத்து மகள் எல்லோரையும் உள்ளே இருத்தினாள். கதவிடுக்கால் எல்லாம் கேட்டது. என்னோடு வெயர்ஹவுஸில் வேலை செய்கிற ரவி, இடியப்பமும் சொதியும் கொண்டு வந்திருந்தான். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் அல்லவா.

“குட்டியண்ணை நல்ல மனுசன்,” என்று ரவி மூக்கைச் சிந்தினான். “வாயே திறக்கமாட்டார்.”

“அவற்ர பேர் வல்லிபுரம் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்,” என்றாள் அவன் மனைவி. (எங்கள் ஆட்களில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, பதிவுப் பெயர் வேறொன்று. அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.)

“ஆனா கரம்போட் விளையாட்டில சரியான கள்ளன்,” என்றான் ரவி. “செத்தவரைப் பற்றிச் சொல்லக்கூடாது.”

அதுவரை பொறுத்திருந்தேன். கராஜ் கதவைத் திறந்து, “நான் ஒருநாளும் கள்ளம் விளையாடேல்லை,” என்றேன்.

ரவியின் கையிலிருந்த சொதி முழுவதும் கார்ப்பெட்டில். அவன் மனைவி கதிரையோடு சாய்ந்தாள். மகள் மட்டும், “ஹி வோஸ் இன் த கராஜ்,” என்று அமைதியாக விளக்கம் சொன்னாள். அறிவித்தலை வைத்துக்கொண்டு எனக்கு நடந்த விசாரணையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

எல்லோரும் திட்டி ஓய்ந்த பிறகும், மூலையில் முன்பின் தெரியாத ஒரு அக்கா என் முகத்தையே பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார். நகரத்தின் மறுகோடியில் இருக்கிற மல்கிரேவிலிருந்து பஸ்ஸும் இரண்டு ரயிலும் மாறி வந்தவர்.

“நான் உங்களுக்காக வரேல்லை, தம்பி,” என்றார். “வல்லிபுரம் அப்புவுக்காக வந்தனான். அவர் எப்பவோ போயிட்டாரே, இப்ப ஏன் போட்டிருக்கினம் எண்டு பார்க்க வந்தனான். முகம் அப்பிடியே அவற்ர முகம்.”

வன்னியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அவர்கள் குடும்பமும் அப்புவும் மூன்று வருடம் ஒன்றாக இருந்தார்களாம். அக்காவின் பிள்ளைகளை அப்புதான் தூக்கி வளர்த்தாராம். தண்ணீர் வரிசையில் எல்லோருடைய வாளிக்கும் அவரே காவலாம். யாராவது கதைக்க வந்தால் மட்டும் எழும்பிப் போய்விடுவாராம்.

“எந்த நாளில மோசம்போனவர், அக்கா?”

“சிவராத்திரிக்கு அடுத்த நாள், அமாவாசை. அதை மறப்பனே? காய்ச்சல். என்ர தம்பிதான் கொள்ளி வச்சவன். தனியப் போகேல்லை, ராசா.”

அத்தனை பேர் முன்னால் நான் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். ரவி மிஞ்சிய இடியப்பத்தை எல்லோருக்கும் பரிமாறினான்.

அந்த அக்கா குடும்பம் இப்போது எங்கள் சொந்தம். அப்புவுக்கு மகன் முறையில் கொள்ளி வைத்த அவர் தம்பியை நான் சித்தப்பா என்கிறேன், என்னை விட இரண்டு வயது இளையவர் என்றாலும். என் மனைவியோ யார் போனில் என்னைக் கேட்டாலும், “அவர் செத்து மூண்டு வருசம், சாப்பிட மட்டும் எழும்பி வருவார்,” என்கிறாள். ரவி இன்றைக்கும் காலையிலேயே இடியப்பத்தோடு வந்துவிட்டான். ஐயர் வரக் கொஞ்சம் சுணங்குமாம். அந்த நேரத்தில்தான் இதை எழுதினேன்.

ட்ருகனினா,
மாசி அமாவாசை, அப்புவுக்கு நான் செய்கிற மூன்றாவது திதி.