நானூற்று முப்பதாவது நகம்

மனிதகுலத்தின் முன்னேற்றத்துக்கு நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாகப் பாடுபட்ட கருவி நகவெட்டிதான். யாருக்காவது சந்தேகம் இருந்தால், கணியம்பாடிப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னச் சபையின் ‘சேவைப் பயணக் குழு’த் தலைவர் ஜீவானந்தத்தைக் கேட்டுக்கொள்ளலாம். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

லெந்து நோன்புக் காலத்தில் ஜவ்வாது மலைக்குப் போய்ச் ‘சிறு சேவை’ ஒன்று செய்வதென்று கமிட்டி ஏகமனதாக முடிவு செய்தது. எந்தச் சேவை என்பதில்தான் இழுபறி. மலை மக்களின் தலைமுடியை ஒரு சபை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. பல்லைப் போன வருஷமே இன்னொரு சபை வளைத்துப் போட்டுவிட்டது. உடம்பில் மிச்சமிருந்தது நகம் ஒன்றுதான்.

“நகத்த அவங்களே வெட்டிக்க மாட்டாங்களா பிரதர்?” என்று கேட்டார் ராஜ்குமார். வேன் ஓட்டுபவர் அவர்தான் என்பதால் கேள்வி நிராகரிக்கப்படாமல் ‘பரிசீலனையில்’ வைக்கப்பட்டது.

“சின்னச் சேவைன்னு லேசா நெனைக்காதீங்க பிரதர். அதுலதான் மகிமையே இருக்கு” என்றார் ஜீவானந்தம். அன்றைக்கே ‘விரல் தொடுவோம், இதயம் தொடுவோம்’ என்ற பேனருக்கு ஆர்டர் போனது. சேவை சின்னதுதான். பேனர் பன்னிரண்டு அடி.

புதூர்நாட்டுக்கு மேலே உள்ள அந்தச் சிற்றூரில் சனிக்கிழமை காலை குழு போய் இறங்கியபோது, ஊரே களத்தில் உட்கார்ந்து புளி உரித்துக்கொண்டிருந்தது. ஓட்டுத் துணுக்கை நகத்தால் நோண்டி எடுத்து, நாரை நகத்தால் கிள்ளி இழுக்கிற வேலை. மாணிக்கம்மாள் எழுந்து வந்து கும்பிட்டாள்.

“நல்ல காரியந்தாங்க சார். ஆனா இன்னிக்கி வேணாங்க. இந்த நகந்தாங்க எங்களுக்குக் கத்தி. சாயங்காலம் மண்டி ஜீப்பு வந்துடும். ஓடும் நாருமா இருந்தா புளிய ஏத்த மாட்டான். மழ பேஞ்சா எல்லாம் கறுத்துப் பூடும். வருசத்துக்கும் இதாங்க எங்க பொழப்பு.”

ஜீவானந்தம் கையேட்டைப் புரட்டினார். பக்கம் பதினான்கு: ‘பயனாளிகள் முதலில் கூச்சப்படுவார்கள். புன்னகைக்கவும்.’ புன்னகைத்தார்.

ஊர்ப் பெரிய மனசு என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் வம்பு. “பாவம், இவ்ளோ தூரம் வந்துக்கிறாங்க. வெறுங்கையோட அனுப்பறதா? ஆளுக்கு ரெண்டு வெரலக் குடுத்து அனுப்பிச்சிடலாம்” என்றார் புளி உரித்துக்கொண்டிருந்த கண்ணாயிரம்.

“பத்தும் வேணுங்க. படிவத்துல பத்துக் கட்டம் இருக்கு” என்றார் ஜீவானந்தம்.

பத்தும் வெட்டப்பட்டன. நாற்பத்து மூன்று பேர், நானூற்று இருபத்தொன்பது விரல்கள். கண்ணாயிரத்துக்கு ஒரு விரல் முன்பே போய்விட்டிருந்தது. அதற்காக ஜீவானந்தம் உண்மையாகவே வருந்தினார். ஒரு கட்டம் காலியாக நின்றது. போட்டோவில் சரியாக விழாதவர்களுக்கு மறுபடியும் வெட்டினார்கள். வெட்ட நகம் இல்லாதபோது வெட்டுவது போல் பிடித்துக்கொண்டார்கள்.

மதியம் வேலை படுத்துவிட்டது. புளி வழுக்கியது. ஒட்ட வெட்டிய விரல் நுனிகளில் புளிப்பு ஏறிச் சுரீரென்று எரிந்தது. மாணிக்கம்மாளுக்கு வயிறும் சேர்ந்து எரிந்தது. ஐந்து மூட்டைப் புளி அப்படியே கிடக்கிறது. இவர்கள் என்னடாவென்றால் மர நிழலில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார்கள். பஞ்சர் ஆன வேன் டயரோடு கீழே போன ராஜ்குமார் இன்னும் திரும்பாததால் அவர்களால் கிளம்பவும் முடியவில்லை.

குழுவோடு வந்திருந்த அருணா பிஸ்கட்டை நீட்ட, அவள் கையை மாணிக்கம்மாள் பிடித்துக்கொண்டாள். சித்தி மகள் கல்யாணத்துக்காக வளர்த்த நகங்கள், ரோஸ் கலர் பாலிஷோடு பளபளத்தன.

“இன்னா பாப்பா, நகம் எவ்ளோ ஜோரா கீது! இப்படிக் குந்து.”

அருணா உட்கார்ந்தாள். ஒரு புளியை உரித்தாள். நார் முழுசாகக் கையோடு வந்தது. “ஐயோ, வருது சிஸ்டர்!” என்று கத்தினாள். குழுவின் மற்ற நான்கு சிஸ்டர்களும் ஓடிவந்து உட்கார்ந்தார்கள். அத்தனை பேருக்கும் நகம் இருந்தது.

“எழுந்திருங்க சிஸ்டர்! புளி நம்ம திட்டத்துலயே கிடையாது!” என்று பதறினார் ஜீவானந்தம்.

மாணிக்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அது சரி, ஒங்க சுண்டு வெரலக் காட்டுங்க சார்.”

நாலு வருஷமாகக் கண்ணும் கருத்துமாக வளர்த்த அரை அங்குல நகம் அது. ஜீவானந்தம் கையைப் பேனருக்குப் பின்னால் ஒளித்தார்.

“காது கொடையத்தான வெச்சிக்கிறீங்க? தோ அந்தக் கொழாயில சோப்புப் போட்டு நல்லாக் கழுவிக்கினு வந்து குந்துங்க.”

சுகாதாரம் போதிக்க வந்தவர் கை கழுவிவிட்டு வந்து குந்தினார். முதல் புளிக்கு அவருக்கு ஏழு நிமிஷம் பிடித்தது. மூன்றாவது மூட்டையில் அந்த நகம் படக்கென்று ஒடிந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்ததற்குப் புளிப்புதான் காரணம் என்று சொல்லிக்கொண்டார். மண்டி ஜீப் வந்து ஹாரன் அடித்தபோது ஐந்தாவது மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தும் ஏறின. மாணிக்கம்மாள் அருணாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எல்லோருக்கும் சாமைச் சோறும் புளிக்குழம்பும் கிடைத்தன.

சபையின் வருடாந்தரக் கூட்டத்தில் ஜீவானந்தம் அறிக்கை வாசித்தார். “செய்த சேவை: வெட்டிய நகங்கள், நானூற்று முப்பது.” காலிக் கட்டத்தில் எந்த நகம் ஏறியது என்று அருணாவுக்கு மட்டும் தெரியும். “இடையூறு: புளி காரணமாக நான்கு மணி நேரம் வீண்.” கைதட்டல் ஓயவில்லை. அடுத்த லெந்திலும் அதே ஊர், அதே சேவை என்று தீர்மானம் நிறைவேறியது. ‘பயனாளியின் சாட்சி’ வேண்டுமே என்று மாணிக்கம்மாளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அறிக்கையை அவளுக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டினார்.

“அடுத்த வருஷமும் வரலாமாம்மா?”

“தாராளமா வாங்க சார். வீணாப் போச்சுன்னு சொன்னீங்களே நாலு மணி நேரம், அத்த மட்டும் எடுத்துக்கினு வாங்க. நகவெட்டிய வூட்லயே வெச்சிடுங்க.”