மறுபடி அடித்துப் பார்க்காத இருபத்தெட்டு உதாரணங்கள்

ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நான் எழுதியதில் தப்பு இருக்காது என்று உலகத்திலேயே உறுதியாக நம்பிய ஒரே ஆள் நான்தான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் எனக்கு வேலை. கல்வராயன் மலைச் சிறுதானியக் குழுக்கள் தங்கள் இருப்பை வியாபாரிகளுக்குத் தெரிவிக்க ஒரு மென்பொருள் செய்திருந்தோம். அதற்கான கையேடு என் பொறுப்பு. உள்ளே இருபத்தெட்டு நிரல் உதாரணங்கள். அப்படியே பார்த்து அடித்தால் போதும், ஓடும் என்று முன்னுரையில் வேறு எழுதியிருந்தேன். (யாரும் கேட்கவில்லை. நானாக எழுதினேன்.)

வெள்ளிமலையில் பயிற்சி. பத்துப் பேர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் தினை இருப்பைப் பதிந்தால்தான் மறுநாள் வியாபாரிகளின் வண்டி மலையேறும். முதல் உதாரணத்தை அடித்தார்கள். பத்துத் திரையிலும் சிவப்பு எழுத்தில் பிழை. இரண்டாவதும் அப்படியே. நான் நெட்டைக் குறை சொன்னேன். பிறகு கரண்டை. கடைசியில் மலையின் உயரத்தைக்கூட லேசாகச் சந்தேகப்பட்டேன்.

குழுவின் கம்ப்யூட்டர் வேலையைப் பார்க்கும் அஞ்சலை மெதுவாகக் கேட்டார்.

"மேடம், இத நீங்க அடிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேனே."

"எப்போங்க?"

எட்டு மாதத்துக்கு முன்னால். அதற்குள் எங்கள் ஆட்கள் பாதிக் கட்டளைகளின் பெயரை மாற்றியிருந்தார்கள். கையேடு மட்டும் பழைய பெயர்களையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதை அப்படியே சொல்லி ஒத்துக்கொண்டேன். அஞ்சலை பென்சிலை எடுத்தார். "சொல்லிக்கினே வாங்க, திருத்திடலாம்."

ஆபீசுக்குப் போன் போட்டு ஒவ்வொரு பெயராகக் கேட்டுச் சொன்னேன். இருப்பு பதிவானபோது மணி ஐந்து. மலைப்பாதையில் எப்போதும் வாந்தி எடுக்கிற எனக்கு அன்று பஸ்ஸில் ஒன்றும் ஆகவில்லை. வயிறு முழுக்க வெட்கம்தான் இருந்தது.

மறுநாளே உதாரணங்களைக் கையேட்டிலிருந்து பிடுங்கித் தனிக் கோப்புகளாக்கினேன். மென்பொருளில் யார் எதை மாற்றினாலும் இருபத்தெட்டும் தானாக ஓடும். ஓடினால்தான் கையேட்டில் இடம். ஆனால் ஒரு தடவை ஓட நாற்பது நிமிடம் ஆனது; அது முடியும்வரை யாரும் அடுத்த மாற்றத்தைத் தொட முடியாது. கூட வேலை செய்பவர்கள் இரண்டு நாள் டீக்கடையில் காத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் அதை நிறுத்திவைத்தார்கள். நான் விடவில்லை. ஒவ்வொரு உதாரணமும் மொத்த மென்பொருளையும் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். ஒரே தடவை கட்டி எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்தேன். இப்போது இரண்டே நிமிடம். டீக்கு நேரமில்லை என்று ஆபீசில் இன்னும் என் மேல் கோபம்.

புதுக் கையேடு மலைக்குப் போனதும் அஞ்சலையிடமிருந்து செய்தி வந்தது: "எல்லாம் ஓடுதுங்க." அதைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் ஒட்டியிருக்கிறேன். (பெருமைதான். இருக்கட்டும்.)

இதையெல்லாம் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அத்தாவுக்குக் கடைவீதியில் துணிக்கடை. கைலி சாயம் போகுமா என்று யார் கேட்டாலும், நான் பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவருடைய பதில் இன்றுவரை ஒன்றுதான்.

"எம் பொண்ணு மாதிரி இல்லிங்க. நனைச்சுப் பாத்துட்டுதான் சொல்றேன்."