கீழ்வரிசையில் கடைசிப் பல்

“எந்தப் பல்லு வலிக்குது?” என்று கேட்டார் புது டாக்டர்.

நாற்காலியில் சாய்ந்திருந்த, பள்ளி வேன் ஓட்டும் அந்த அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. லீவில் போயிருக்கும் பெரிய டாக்டர் இப்படியெல்லாம் கேட்டதே கிடையாது. நாற்காலியைச் சாய்ப்பார், வாயைத் திறக்கச் சொல்வார். அவ்வளவுதான், அவள் தூங்கிவிடுவாள்.

பல் டாக்டர் நாற்காலியில் போய் யாராவது ஓய்வெடுப்பார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். நாளெல்லாம் பள்ளி வேனில் முப்பது பிள்ளைகளின் கூச்சல். வீட்டுக்குப் போனால் சொந்தமாக இரண்டு, அதுவும் இரட்டை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளை அவர்கள் அப்பாவிடம் தள்ளிவிட்டு வரும் இந்த நாற்பது நிமிஷத்தில்தான் அவளை யாரும் “அம்மா, அம்மா” என்று பிடுங்குவதில்லை. அதற்காகவே இல்லாத வலியை ஆறு மாதமாகக் கட்டிக் காத்து வந்தாள்.

“கீழ்வரிசையில கடைசி, டாக்டர்,” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

தட்டிப் பார்த்தார். “இது நல்லாத்தானே இருக்கு.”

“இப்ப மேல போயிடுச்சு.”

“வலி இடம் மாறுதா? அப்ப நரம்புதான். ரெண்டையும் எடுத்துடலாம்.”

“இல்ல டாக்டர், இப்ப வலியே இல்ல. சுத்தமா விட்டுப்போச்சு.”

“திடீர்னா?” டாக்டர் கையுறையை மாட்டினார். “நரம்பு செத்துப்போச்சு. இன்னிக்கே எடுத்தாகணும்.”

ஊசியில் மருந்து ஏறியது. உண்மையைச் சொன்னால் பல் தப்பும், நாற்காலி போய்விடும். சொல்லாவிட்டால் நல்ல பல் இரண்டு போய்விடும். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“பயப்படாதீங்க. எடுத்தப்புறம் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசக் கூடாது. எதையும் தூக்கக் கூடாது. தனியா படுத்து ரெஸ்ட் எடுக்கணும், அவ்வளவுதான்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ரெண்டு பல்லுக்கும் சேர்த்து ரெண்டு நாளா?”

“ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நாள்.”

பல் முப்பத்திரண்டு; நாள் அறுபத்துநாலு. மனக்கணக்கு தானாக ஓடியது. அவள் காது வரைக்கும் வாயைத் திறந்தாள்.

ஊசி உதட்டுக்கு அருகே வந்தபோது, அங்கே பத்து வருஷமாக வேலை பார்க்கும் நர்ஸ் ஓடி வந்து டாக்டரின் கையைப் பிடித்தாள்.

“இவங்க கேஸ் சீட்டைப் பாக்கலையா சார்? பெரிய டாக்டர் இவங்க வந்த முதல் நாளே எழுதி வெச்சிருக்காரு: ‘பல்லில் ஒன்றுமில்லை. வீட்டில் இரட்டைக் குழந்தைகள். எழுப்ப வேண்டாம்.’”