ஞாயிற்றுக்கிழமை ஆற்று நிபுணர்

சனிக்கிழமை மத்தியானம் வரை ஒன்றும் தெரியாமல் இருந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் ஓர் ஆற்றையே கரைத்துக் குடித்துவிடுகிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆற்று நிபுணர் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். அடையாளம் சுலபம். முழங்கால் வரை புது ரப்பர் பூட்ஸ், கழுத்தில் நூல் கட்டித் தொங்கும் பென்சில், சட்டைப் பையில் லிட்மஸ் தாள், முகத்தில் ஆற்றைத் தானே வெட்டிவிட்ட மாதிரி ஒரு களைப்பு.

குனோங் ராபாட் ஸ்டானிஸ்லாஸ் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். வீடு மலேசியாவில் ஈப்போ நகரை ஒட்டிய குனோங் ராபாட்டில். வேலை ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. எண்பத்தொன்றாம் ஆண்டு, ஆறுகள் எப்படிக் கெடுகின்றன என்று பொதுமக்களுக்குச் சொல்லித்தர ஒரு சங்கம் நாலு வார வகுப்பு நடத்தியது. சனிக்கிழமை பிற்பகல் மண்டபத்தில் பாடம். மறுநாள் காலை கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆற்றில் நேரடிப் பயிற்சி. ஸ்டானிஸ்லாஸ் மாதா கோவில் ஞாயிறு பூசையைச் சனிக்கிழமை மாலையே முடித்துக்கொள்வதாக ஏற்பாடு செய்துகொண்டு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். குழுவில் பூட்ஸ் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஆகவே அவரே குழுத் தலைவர்.

முதல் பாடத்தில் அவருக்கு ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’ என்ற சொல் கிடைத்தது. இந்த இனத்துக்கு ஒரு சொல் கிடைத்தால் போதாதா? வீட்டுக்கு வந்ததும், பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்த மனைவி பெட்ரீசியாவைப் பிடித்துக்கொண்டார்.

“நீ ஊத்துற சோப்புத் தண்ணி எந்த நீர்ப்பிடிப்புப் பகுதிக்குப் போவுதுன்னு தெரியுமா?”

“பக்கத்து வீட்டு வாசலுக்குலா. அதுக்குத்தான் அந்த அக்கா நேத்து சண்டைக்கு வந்தாங்க.”

மறுநாள் தோட்டத்து ஆற்றங்கரையில் அவருக்காக ஒருத்தி காத்திருந்தாள். ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை செய்யும் நல்லம்மாள். தோட்டத்து வரிசை வீடுகளான அவளுடைய லயத்தில் நாற்பது குடும்பம். குளிக்க, துவைக்க, சமைக்க எல்லாம் அந்த ஆறுதான். பிள்ளைகள் கால் முழுக்கச் சொறி. குழாய்த் தண்ணீர் கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். ‘ஆற்றைப் பற்றிச் சங்கத்தின் அறிக்கை வரட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று மேலிடத்திலிருந்து பதில் வந்திருந்தது. அந்த அறிக்கையை எழுதப்போகிறவர் யார்? பூட்ஸ் வைத்திருந்தவர்.

“ஐயா, இன்னிக்கு ஆலை ஓடலைங்க. ஞாயித்துக்கிழமை லீவு. செவ்வாக்கிழமை வந்து பாருங்க, மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் நிப்பீங்க. ரப்பர் கழுவுன தண்ணியெல்லாம் இதுலதான் வுடறாங்க.”

“அக்கா, நான் பத்து காஜா ஊருப் பக்கம் தோட்டத்துல பொறந்தவன்லா. எனக்கு ஆறு தெரியாதா?” என்றார் ஸ்டானிஸ்லாஸ். நீல லிட்மஸ் தாளைத் தண்ணீரில் முக்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். நீலம் நீலமாகவே இருந்தது. “பாத்தீங்களா? புளிப்பு இருந்தா இது செவந்திருக்கும். இது விஞ்ஞானம்.”

நாலு ஞாயிறும் வந்தார், நாலு ஞாயிறும் முக்கினார், கயிற்றில் வெள்ளைத் தட்டைக் கட்டி இறக்கி அடிவரை தெரிகிறது என்று குறித்தார், கரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிட்டார், இலையை மறக்காமல் பையில் போட்டுக்கொண்டார். ஆற்றில் ஒரு மீன் இல்லை. அதையும் விடவில்லை மனிதர், ‘மீன்கள் காணப்படவில்லை. ஆள் அரவத்தால் ஒதுங்கியிருக்கலாம்’ என்று எழுதிக்கொண்டார். நாலு வாரமும் நல்லம்மாள் செவ்வாய்க்கிழமை, செவ்வாய்க்கிழமை என்று கெஞ்சினாள்.

“வேலை நாள்ல லீவு எடுக்கிறது சூசாலா அக்கா, ரொம்பக் கஷ்டம். அப்புறம், சங்கத்துல நிரப்பக் குடுத்த பாரத்துல ஞாயித்துக்கிழமைக்குத்தான் கட்டம் போட்டிருக்காங்க.”

ஐந்தாம் வாரம் புதன்கிழமை, நல்லம்மாள் பால்வெட்டு முடித்து, ஆரஞ்சுப் பாட்டிலில் ஆற்றுத் தண்ணீரை மொண்டுகொண்டு, கோப்பெங் பஸ்ஸில் ஏறி குனோங் ராபாட்டுக்கே வந்துவிட்டாள். பெட்ரீசியாதான் மூடியைத் திறந்தாள். திறந்த வேகத்தில் வாசலுக்கு ஓடினாள். தண்ணீர் அரிசி கழுவிய மாதிரி வெளுத்திருந்தது. நாற்றம் கூடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஸ்டானிஸ்லாஸ் அசரவில்லை. பாட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “எடுத்த நேரம் எழுதலையே? வெப்பம் எத்தனை டிகிரி? பயிற்சி எடுத்தவங்கதான்கா மொள்ளணும். இது சாம்பிள் இல்ல, வெறும் தண்ணி.”

“வெறும் தண்ணிதானே? அப்ப ஒரு வாய் குடிங்களேன்” என்றாள் நல்லம்மாள்.

அவர் குடிக்கவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று அவளுக்கு நினைவூட்டினார். அவள் கிளம்பியதும், பெட்ரீசியா பாட்டிலைக் கால்வாயில் கவிழ்த்தாள். பக்கத்து வீட்டு அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தபோது சொன்னாள்: “சுத்தமான தண்ணிதான்கா. இவரு அறிக்கையே எழுதுறாரு!”

அறிக்கை போயிற்று. ‘நீர் தெளிவாகவும் மணமற்றும் உள்ளது.’ அதில் ஒரு பொய் கிடையாது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். இரண்டு மாதத்தில் லயத்துக்குக் கடிதம் வந்தது: ஆறு நன்றாக இருப்பதால் குழாய்க்கு இப்போது அவசியம் இல்லை. ஸ்டானிஸ்லாஸுக்குச் சான்றிதழ் வந்தது. கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். அடுத்து மலை உடைக்கிற தூசியைப் பற்றி ஒரு வகுப்பாம். அதற்கும் பெயர் கொடுத்துவிட்டார். அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கு மலை உடைக்க ஆள் வருவதில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் போன தீபாவளிக்குத் தோட்டத்தில் இருக்கிற உங்கள் அக்கா வீட்டுக்குப் போனீர்களே, நினைவிருக்கிறதா? சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு, பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை, கோழிக் குழம்பு, தட்டு நிறைய முறுக்கு. அக்கா ஏதோ சொல்ல வந்தாள். நீங்கள் மணியைப் பார்த்தீர்கள். திரும்பி வரும்போது காரில், மனைவியிடம் என்ன சொன்னீர்கள்?

“நல்லாத்தான் இருக்காங்க” என்றுதானே?