ஏ-வுக்கும் பி ஃப்ளாட்டுக்கும் நடுவில்

"ஏனுங்க மாமா, கண்டுபிடிச்சீங்களா?"

"கிட்டத்தட்ட, கண்ணு," என்று போனில் சொன்னான் தீனதயாளன். கிட்டத்தட்ட என்றால் ஒரு மண்ணும் இல்லை என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு நாளும் குறித்தாயிற்று. பரமத்தி வேலூரிலிருந்து மணப்பெண் மோனிஷா ஆறு விநாடி கிதார் துணுக்கு ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வரி: 'இதை வாசிச்சவரைத்தான் கட்டிக்கோணும்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமை எங்க ஊட்டுக்கு வர்றப்ப நீங்க வாசிச்சுக் காட்டோணும்.'

"யாரு அவன்?" என்று கேட்டதற்கு, "மொதல்ல வாசிங்க. அப்பறம் சொல்றேன்," என்று வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து தீனாவுக்குச் சோறு இறங்கவில்லை.

தப்பு அவன் மேல்தான். ஆறு மாதம் கற்றுக்கொண்டுவிட்டு, நிச்சயத்துக்கே கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனவன். யாரும் வாசிக்கச் சொல்லாததால், பெண் வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்து எதையோ நிரடிவிட்டு வந்தான். அப்போதெல்லாம் சுருதி சேர்ப்பதற்கு அவனுக்கு இருந்த ஒரே வழி அப்பாவின் லாரி. கேபினில் ஏறி ஏர் ஹாரனை அமுக்கி, அந்தச் சத்தத்துக்குக் கம்பியை முறுக்குவான். லாரி லோடு ஏற்றி வடநாடு போனால், அது திரும்பும் வரை கிதாருக்குச் சுருதி கிடையாது. இதைப் போன மாதம் கேள்விப்பட்ட கிதார் மாஸ்டர் சித்தார்த் தலையில் அடித்துக்கொண்டு, போனில் சுருதி காட்டும் ஆப்பை ஏற்றிக் கொடுத்தான்.

இப்போதும் மாஸ்டரிடமே ஓடினான். சித்தார்த் துணுக்கை நாலு தடவை கேட்டான்.

"மைனர் பென்டடானிக். அஞ்சே சுரம். கடைசியா எதுல வந்து ஒக்காருதோ அதுதான் கீ. ஏ மைனர்னு வையுங்க, கிதார் கழுத்துல அஞ்சாவது கட்டுல விரல் ஷேப் பிடிங்க."

தீனா அப்படியே பிடித்து, வாசித்து, பதிவு செய்து அனுப்பினான்.

பதில் உடனே வந்தது. 'சுருதி எறங்கிக் கெடக்குதுங்க. அவரு வாசிச்சதுல ஒரு மிடுக்கு இருக்கும்.'

அவராம், மிடுக்காம்! தீனாவுக்குக் காது சூடானது. அதே ஷேப்பை ஒரு கட்டு மேலே தள்ளி, பி ஃப்ளாட்டில் வாசித்து அனுப்பினான்.

'இது ஏறிப்போச்சு. அவரு இப்புடிக் கத்த மாட்டாரு.'

"மாஸ்டர், அஞ்சுலயும் இல்ல, ஆறுலயும் இல்ல. நடுவுல ஏதுங்க கட்டு?"

சித்தார்த் மறுபடி கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "வாசிச்சவன் சுருதியே தப்பா வெச்சிருக்கான். எந்தக் கிறுக்கன்னு தெரியல. நீங்களும் ஆப்பை மூடிட்டு, எல்லாக் கம்பியையும் கொஞ்சூண்டு ஏத்துங்க."

தீனா ஏற்றினான். கொஞ்சூண்டு போதவில்லை போலத் தோன்றியது. இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே ஒரு திருகு. முதல் கம்பி டணாரென்று அறுந்து கன்னத்தில் கோடு கிழித்தது.

"பொண்ணு ஊட்டுக்குப் போற நாளும் அதுவுமா மூஞ்சிய இப்புடி வெச்சுக்கிட்டு நிக்கறயே சாமி!" என்று ஞாயிறு காலை அம்மா வசந்தாமணி பிளாஸ்திரி ஒட்டினாள்.

எரிச்சல் கன்னத்தில் இல்லை. அந்த முகம் தெரியாத கிறுக்கன் நிஜமாகவே நன்றாக வாசித்திருந்தான். தன்னைவிட நன்றாக. மோனிஷா மனசு மாறிவிடுவாளோ என்று தீனா பயந்தான். புதுக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நாமக்கல் பைபாஸ் பக்கமிருந்த லாரி ஷெட்டில் போய் உட்கார்ந்தான்.

அப்போதுதான் ஒரு மாத நடைக்குப் போயிருந்த அப்பாவின் லாரி உள்ளே நுழைந்தது. டிரைவர் கந்தவேல் இறங்கி, பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, "ஏனுங் சாமி, அடிதடியா?" என்றார்.

தீனா ஒன்று விடாமல் கொட்டினான். துணுக்கையும் போட்டுக் காட்டினான்.

"கேட்டீங்களாண்ணா? உலகத்துல இல்லாத சுருதி! அவனை மட்டும் நான் பாத்தேன்னா..."

கந்தவேல் கடைசிச் சுரத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு கேபினில் ஏறி ஹாரனை அமுக்கினார்.

பாஆஆம்.

துணுக்கு முடிந்த அதே இடம். நூல் பிசகவில்லை.

தீனாவின் கையிலிருந்த கம்பி நழுவியது. கந்தவேல் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"நாமக்கல்லு பூரா விசாரிச்சுப் பாருங்க சாமி, நம்ம வண்டி ஹாரனுக்குக் கிதாரு சுருதி சேத்தற ஆளு நீங்க ஒருத்தர்தானுங்க."