கோழிக்கோயில் கட்டிய மேஸ்திரி

கடவுளுக்கே வீடு கட்டச் சொன்னாலும் கோழிப்பண்ணையாகத்தான் கட்டுவார், எங்கள் நாமக்கல் பண்ணை மேஸ்திரி. மிகைப்படுத்தவில்லை, கட்டியே கொடுத்திருக்கிறார். பரமத்தி வேலூரில் தன் மச்சானுக்கு அவர் கட்டிய வீட்டு வாசலில் இன்றும் ஆட்கள் நின்று முட்டை விலை கேட்கிறார்கள்.

எங்கள் லுத்தரன் சபையின் பழைய ஆலயம் தகரக் கூரை போட்டது. பெரிய வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம். முடிவதற்குள் நாலு பேராவது மயங்கி விழுவார்கள். இரண்டு வருடம் தொடர்ந்து விழுந்தவர் என் அம்மா. இனிமேல் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் அழுதுவிட்டார். அதற்காகவே புதிய ஆலயத்தின் கட்டடக் கமிட்டியில் சேர்ந்தேன்.

வரைபடத்தில் கோபுரம், கண்ணாடி ஜன்னல் எல்லாம் இருந்தன. மேஸ்திரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல எத்தன உருப்படிங்க?"

"முந்நூறு பேர்."

"அத்தன பேரு உட்ட மூச்சு எங்கீங்க போவும்?"

கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக வரும்படி கயிறு பிடித்தார். "பக்கவாட்டுல வெயிலடிச்சா முட்ட கொறைஞ்சு போயிருமுங்க." எங்கள் வழக்கப்படியும் பீடம் கிழக்கேதான் என்பதால் போதகர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

தூண்களும் கூரைச் சட்டமும் எழும்பியபின், கமிட்டி முழுவதும் ஒரு வாரம் சேலத்தில் சபைக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பினால், பக்கச் சுவர்கள் முழங்கால் உயரத்தோடு நின்றிருந்தன. அதற்கு மேல் கூரைவரை கம்பிவலை. முகட்டில் காற்றுப் போக ஒரு திறப்பு.

"இடிங்கய்யா!" என்று குதித்தார் செயலாளர்.

"பெரிய வெள்ளி வரைக்கும் பொறுங்க. ஒருத்தர் விழுந்தாலும் இடிச்சிடலாம்" என்றார் போதகர்.

பெரிய வெள்ளியன்று மேஸ்திரி காலையிலேயே வந்து, கோடையில் கோழிகளுக்குச் செய்வதுபோல வலையெங்கும் சாக்குகளைத் தொங்கவிட்டார். மூன்று மணி நேரமும் வெளியே வெயிலில் நின்று ரப்பர் குழாயால் அவற்றை நனைத்துக்கொண்டே இருந்தார். உள்ளே குளுகுளுவென்று காற்று. நான்காம் பிரசங்கத்தில் செயலாளரின் தலை சாய்ந்தது. போதகர் பதறிப்போய் நிறுத்தினார். குறட்டை கேட்டது, ஆலயம் பிழைத்தது.

டாக்டருக்குத் தெரியாமல் வந்திருந்த அம்மா ஏழாவது பிரசங்கம்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தவரிடம் மேஸ்திரி கேட்டார்: "ஆரும் மயக்கம் போடலீங்களே, சாமி?"

"நீங்கதான் போட்டுருவீங்க போல. மொதல்ல நெழலுக்கு வாங்க சாமி."

ஊர் அதைக் கோழிக்கோயில் என்கிறது. எங்களுக்கு வெட்கமில்லை, நன்றிதான் இருக்கிறது. அவர் பெயரைத்தான் கடைசிவரை கேட்காமல் விட்டுவிட்டோம். ஆனாலும் அம்மாவின் ஜெபத்தில் தினமும் எனக்கு முன்னால் அவர் வந்துவிடுகிறார்: "ஆண்டவரே, அந்தப் பண்ணை மேஸ்திரி எங்க வேல செஞ்சாலும், அவருக்கு நல்ல காத்தைக் கொடும்."